விண்டோசுக்குள் ஒரு லினக்ஸ்

ஒரு வாரம் முழுவதும் வானத்தைப் பார்த்து, நாளுக்கு ஒரு சொல்லாகக் குறித்து வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெயில், வெயில், மழை, மேகம், வெயில், மழை, மழை. மழை பெய்தது எத்தனை நாள்? மூன்று நாள். இதைச் சொல்லக் கணிப்பொறி எதற்கு? விரல்களே போதும்.

ஆனால் இதே பட்டியலைக் கணிப்பொறியிடம் கொடுத்து எண்ணச் சொன்னால், அது இப்படிச் சொல்வதும் உண்டு: "மழை ஒரு நாள், மழை இரண்டு நாள், மேகம் ஒரு நாள், வெயில் மூன்று நாள்." மழையை இரண்டு வகையாகப் பிரித்துவிட்டது பார்த்தீர்களா!

கணிப்பொறி தவறு செய்யவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அது என்ன? இந்தப் புதிரை நீங்களே உங்கள் கையால் விடுவிக்கப் போகிறீர்கள். அதற்கு முன், விண்டோஸ் கணிப்பொறிக்குள் லினக்ஸ் என்னும் இன்னோர் உலகத்தைக் குடியேற்ற வேண்டும். அதைப் பற்றியதே இந்தப் பாடம்.

லினக்ஸ் எதற்கு?

உங்கள் கைப்பேசி ஆண்ட்ராய்டு வகையைச் சேர்ந்ததா? அப்படியானால் அதன் உள்ளே இருப்பது லினக்ஸின் உட்கருதான். உலகின் மிக வேகமான 500 மீக்கணிப்பொறிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்சில்தான் ஓடுகின்றன. வானிலைக் கணிப்பு, விண்வெளி ஆய்வு, மரபணு ஆய்வு என்று எங்கே போனாலும் அதைக் காணலாம். எனவே அறிவியல் படிக்க விரும்பும் மாணவர் அதனோடு பழகிக்கொள்வது நல்லது.

ஆனால் ஒரு சங்கடம் உண்டு. பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே ஒரு கணிப்பொறி, அதிலும் விண்டோஸ். அப்பாவின் கடைக் கணக்கு அதில்தான் இருக்கும். அக்காவின் கல்லூரிப் பாடங்களும் குடும்பப் புகைப்படங்களும் அதில்தான் இருக்கும். லினக்சைத் தனியாக நிறுவ வட்டைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது ஒரு பகுதியைத் தவறாகத் தேர்ந்துவிட்டால் அத்தனையும் அழிந்துவிடும். "படிக்கத்தானே செய்தேன்" என்று சொல்லி அந்தப் புகைப்படங்களைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா?

விண்டோசை அகற்றாமல், வட்டைப் பிரிக்காமல், அதன் உள்ளேயே லினக்சை வைத்துக்கொள்ள வழி உண்டு.

ஒரு சிறு வரலாறு

1969ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் இருவரும் அவர்களுடைய தோழர்களும் ஓர் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினார்கள். அவர்களிடம் இருந்தது பி.டி.பி-7 என்னும் சிறிய கணிப்பொறி. அந்தக் காலத்திலேயே அது பழையது. அதில் பிறந்ததுதான் யூனிக்ஸ். ரிட்சி உருவாக்கிய 'சி' மொழியில் 1973இல் அது திருப்பி எழுதப்பட்டது. அதன் பிறகு ஒருவகைக் கணிப்பொறியிலிருந்து இன்னொரு வகைக்கு அதை எடுத்துச் செல்வது எளிதாயிற்று.

1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன், யூனிக்சைப் போன்றே இயங்குகிற, யாரும் படித்துப் பார்த்துத் திருத்திப் பகிர்ந்துகொள்ளக் கூடிய ஓர் அமைப்பை எழுதப் போவதாக அறிவித்தார். அதற்குக் குனூ என்று பெயர். 1991இல் ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய உட்கருவும் குனூ நிரல்களும் சேர்ந்தன. இன்று நாம் லினக்ஸ் என்று சொல்வது இந்தக் கூட்டைத்தான்.

விண்டோஸ் வேறு வழியில் வளர்ந்தது. எனவே இரண்டுக்கும் பழக்கவழக்கங்கள் வேறு, மொழியும் வேறு.

ஒன்றின் நிரல் இன்னொன்றில் ஏன் ஓடாது?

நிரல் ஒன்று வட்டிலிருந்து ஒரு கோப்பைப் படிக்க விரும்புகிறது. அது தானே வட்டைத் தொடுவதில்லை. இயக்க அமைப்பின் உட்கருவிடம் "இந்தக் கோப்பைத் திற, இத்தனை பைட் கொடு" என்று கேட்கிறது. இவ்வாறு கேட்பதற்குச் சிஸ்டம் கால் என்று பெயர். லினக்சுக்காக எழுதிய நிரல் லினக்ஸின் முறையில்தான் கேட்கும். விண்டோசின் உட்கருவுக்கு அது புரியாது. இரண்டிலும் ஒரே புராசசர்தான் இருக்கிறது. கூட்டல், கழித்தல் எல்லாம் ஒன்றுதான். கேட்கும் முறைதான் வேறு.

மொழி தெரியாத இருவர் பேசிக்கொள்ள என்ன செய்வார்கள்? நடுவில் ஒரு துபாஷி நிற்பார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதே உத்தியைக் கணிப்பொறியிலும் கையாண்டார்கள்.

1995இல் சிக்னஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் தொடங்கியது சிக்வின். இதன் நடுநாயகம் ஒரு நூலகக் கோப்பு. யூனிக்ஸ் முறையில் வரும் வேண்டுகோளை அது விண்டோஸ் முறைக்கு மாற்றித் தரும். ஆனால் லினக்சில் ஓடும் நிரலை அப்படியே எடுத்துவந்து இதில் ஓட்ட முடியாது. அதன் மூல வரிகளை எடுத்துச் சிக்வினுக்கென்று மறுபடி தொகுக்க வேண்டும். மேலும் எல்லாச் சொல்லுக்கும் நேரான சொல் இன்னொரு மொழியில் இருக்காது அல்லவா? யூனிக்சில் 'ஃபோர்க்' என்று ஒரு வேண்டுகோள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் போல் இன்னொரு பிரதி உண்டாக்கு என்பது அதன் பொருள். விண்டோசில் அதற்கு நேரான ஒன்று இல்லை. துபாஷி சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியிருப்பதால் சிக்வினில் இந்த வேலை மெதுவாக நடக்கிறது.

2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஒரு துபாஷியை விண்டோசின் உள்ளேயே வைத்தது. இதற்கு டபிள்யூ.எஸ்.எல். என்று பெயர். லினக்சுக்கான நிரல் எந்த மாற்றமும் இல்லாமல் இதில் ஓடியது. ஆயினும் எல்லா வேண்டுகோள்களையும் மொழிபெயர்க்க முடியவில்லை; கோப்புகளைக் கையாள்வதிலும் வேகம் குறைவு.

பிறகுதான் வேறு வழியைத் தேர்ந்தார்கள். மொழிபெயர்ப்பாளரே வேண்டாம், உண்மையான லினக்ஸ் உட்கருவையே உள்ளே கொண்டுவந்துவிட்டால்? 2019இல் அறிவிக்கப்பட்டு 2020இல் வெளிவந்த டபிள்யூ.எஸ்.எல். இரண்டாம் பதிப்பு இப்படிப்பட்டதே. விண்டோசுக்குள் ஒரு சிறிய மெய்நிகர் பொறி, அதாவது நிரலால் ஆன பாவனைக் கணிப்பொறி, ஓடுகிறது. அதற்குள் லினக்ஸ் ஓடுகிறது. லினக்ஸின் கோப்புகள் யாவும் விண்டோசின் கண்ணுக்கு ஒரே ஒரு பெரிய கோப்பாகத் தெரியும். ஆகவே வட்டைப் பிரிக்கும் ஆபத்தே இல்லை.

நிறுவும் முறை

இனி வேலையைத் தொடங்குவோம். கட்டளைகளை இங்கே உச்சரிப்பாகத் தந்திருக்கிறோம். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். எழுத்தாகப் பிரித்துச் சொல்லியிருப்பவற்றில் நடுவே புள்ளி வேண்டாம். லினக்சுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள்.

1. முதலில், முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் ஆபத்து குறைவுதான். ஆனாலும் கணிப்பொறியில் எந்தப் பெரிய மாற்றம் செய்யும் முன்பும் இதைச் செய்வது நல்ல பழக்கம். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டும் தொடங்குங்கள்.

2. விண்டோஸ் சாவியையும் ஆர் சாவியையும் சேர்த்து அழுத்தி, 'வின்வெர்' என்று தட்டுங்கள். விண்டோஸ் 11 என்றால் நல்லது. விண்டோஸ் 10 என்றால் பதிப்பு எண் 2004 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 2004 என்பது ஆண்டு அல்ல. 20ஆம் ஆண்டு, 04ஆம் மாதம் என்று பொருள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சி.பி.யு.வைத் தேர்ந்தால் 'விர்ச்சுவலைசேஷன்' என்ற சொல்லுக்கு எதிரே 'எனேபிள்டு' என்று இருக்க வேண்டும். மெய்நிகர் பொறிக்கு இது தேவை. இல்லையென்றால் கணிப்பொறி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் மாற்ற வேண்டும். அதை ஆசிரியர் அல்லது விவரம் தெரிந்தவர் துணையோடு செய்யுங்கள்.

4. ஸ்டார்ட் பட்டியலில் பவர்ஷெல்லைத் தேடி, அதன் மேல் வலப்புறப் பொத்தானை அழுத்தி, நிர்வாகியாக இயக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். வரும் சாளரத்தில் டபிள்யூ.எஸ்.எல். என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகள் இட்டு, அவற்றை ஒட்டியே 'இன்ஸ்டால்' என்று தட்டி என்டர் அழுத்துங்கள். உபுண்டு என்னும் லினக்ஸ் இணையத்திலிருந்து இறங்கும். இணைப்பின் வேகத்தைப் பொறுத்து நேரமாகும், பொறுமை வேண்டும். முடிந்ததும் கணிப்பொறியை அணைத்து மீண்டும் தொடங்குங்கள்.

5. உபுண்டு சாளரம் திறந்து ஒரு பயனர் பெயர் கேட்கும். தானாகத் திறக்காவிட்டால் ஸ்டார்ட் பட்டியலில் உபுண்டுவைத் தேடித் திறங்கள். பெயரைச் சிறிய எழுத்துகளில் கொடுங்கள். அடுத்துக் கடவுச்சொல். இங்கேதான் பலர் திகைத்துப் போவார்கள். நீங்கள் தட்டத் தட்டத் திரையில் எதுவுமே தோன்றாது. நட்சத்திரக் குறிகூட வராது. சாவிப்பலகை கெட்டுவிடவில்லை. கடவுச்சொல்லில் எத்தனை எழுத்து என்பதைப் பக்கத்தில் இருப்பவர் அறியக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. முழுவதும் தட்டி என்டர் அழுத்துங்கள்.

6. இப்போது டாலர் குறியுடன் ஒரு வரி காத்திருக்கும். 'சூடோ ஆப்ட் அப்டேட்' (எஸ்-யு-டி-ஓ, ஏ-பி-டி, பிறகு அப்டேட்) என்று தட்டுங்கள். அது முடிந்தபின் அப்டேட் இருந்த இடத்தில் 'அப்கிரேடு' என்று மாற்றித் தட்டுங்கள். நிரல்கள் புதுப்பிக்கப்படும். சூடோ என்பது "நிர்வாகியின் அதிகாரத்தோடு செய்" என்று பொருள்படும். தேவையில்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

குடியேற்றம் முடிந்தது!

முதல் பேச்சு

நீங்கள் நிற்கும் இடத்தை அறிய பி.டபிள்யூ.டி.; அங்குள்ள கோப்புகளைக் காண எல்.எஸ்.; வேறு அடைவுக்குச் செல்ல சி.டி.; புதிய அடைவு உண்டாக்க எம்.கே.டி.ஐ.ஆர்.; ஒரு கோப்பின் உள்ளே இருப்பதைக் காட்ட கேட். ஒவ்வொன்றும் ஒரு சிறு கட்டளை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலையைச் செய்யும். யூனிக்ஸின் கொள்கையே இதுதான்.

சிறு நிரல்களைக் கொண்டு பெரிய வேலையை எப்படிச் செய்வது? பெல் ஆய்வுக்கூடத்தின் டக் மெக்கில்ராய், தோட்டத்து நீர்க்குழாய்களை ஒன்றோடொன்று பொருத்துவது போல நிரல்களையும் பொருத்த வேண்டும் என்று 1964இலேயே எழுதினார். 1973இல் யூனிக்சில் அந்தக் குழாய் வந்தது. நிமிர்ந்த கோடு ஒன்றுதான் அதன் குறி. அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் உள்ள நிரலிலிருந்து வருவது வலப்பக்கம் உள்ள நிரலுக்குள் போகும்.

மழைப் புதிர்

விண்டோசில் நோட்பேடைத் திறந்து முதலில் சொன்ன ஏழு சொற்களையும் வரிக்கு ஒன்றாகத் தட்டுங்கள். கடைசி 'மழை'க்குப் பிறகு என்டர் அழுத்த வேண்டாம். 'நாள்' என்பதை ஆங்கில எழுத்தில் (என், ஏ, ஏ, எல்) பெயராக இட்டுச் சேமியுங்கள். சேமிக்கும்போது குறிமுறை யு.டி.எஃப்-8 என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

இனி உபுண்டு சாளரத்தில் 'எக்ஸ்ப்ளோரர்', புள்ளி, இ.எக்ஸ்.இ., இடைவெளி, மீண்டும் ஒரு புள்ளி என்று தட்டுங்கள். உங்கள் லினக்ஸ் அடைவு, சாதாரண விண்டோஸ் கோப்புறையைப் போலத் திறக்கும். அதற்குள் அந்தக் கோப்பைப் பிரதி செய்யுங்கள். எல்.எஸ். என்று கேட்டால் அது வந்திருப்பது தெரியும். பெயரின் முடிவில் புள்ளியும் டி.எக்ஸ்.டி.யும் இருக்கும், கட்டளைகளில் பெயரை அப்படியே முழுமையாகத் தர வேண்டும்.

கேட் கட்டளையால் கோப்பைப் பாருங்கள். தமிழ் எழுத்துகள் சற்றுச் சிதறித் தெரியலாம். அது அந்தச் சாளரம் எழுத்தை வரைவதில் உள்ள குறை. கோப்பில் அவை சரியாகவே உள்ளன.

இப்போது 'சார்ட்' (எஸ்-ஓ-ஆர்-டி), இடைவெளி, கோப்பின் பெயர், இடைவெளி, நிமிர்ந்த கோடு, இடைவெளி, 'யுனிக்' (யு-என்-ஐ-க்யூ), இடைவெளி, கழித்தல் குறியும் சி எழுத்தும். சார்ட் வரிகளை வரிசைப்படுத்தும். யுனிக் அடுத்தடுத்துள்ள ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்து எண்ணும். விடை:

1 மழை
2 மழை
1 மேகம்
3 வெயில்

புதிர் உங்கள் கண்முன்னே வந்துவிட்டது! துப்புத் துலக்குவோம். 'டபிள்யூ.சி.' என்ற கட்டளை வரி, சொல், பைட் ஆகியவற்றை எண்ணும். அதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். 6, 7, 108 என்று வரும். சொல் 7 சரி. வரி 6தானா? பைட் எப்படி 108?

யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'மழை' என்பதில் ம, ழ, ஐகாரக் குறி என மூன்று குறியீடுகள். எனவே 9 பைட். 'மேகம்' ஐந்து குறியீடு, 15 பைட். 'வெயில்' ஆறு குறியீடு, 18 பைட். மூன்று மழை 27, மூன்று வெயில் 54, ஒரு மேகம் 15; கூட்டினால் 96. மிச்சம் 12 பைட் எங்கிருந்து வந்தது? நாம் என்டர் அழுத்தியது 6 முறை. ஆகவே ஒவ்வொரு என்டருக்கும் 2 பைட்!

இதன் வேர் பழைய தொலைஅச்சு இயந்திரத்தில் இருக்கிறது. அதில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு அசைவுகள் தேவை: அச்சுத்தலை இடக்கோடிக்குத் திரும்ப வேண்டும், தாள் ஒரு வரி மேலேற வேண்டும். முதலாவதற்கு 13, இரண்டாவதற்கு 10 என்று எண்கள் தரப்பட்டன. எம்.எஸ்.டாஸ் வழியாக வந்த விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது. யூனிக்ஸ் 10 ஒன்றே போதும் என்று முடிவு செய்தது.

எனவே லினக்ஸின் கண்ணில், முதல் இரண்டு மழைகளின் வாலில் 13 ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசி மழைக்குப் பின் நாம் என்டர் அழுத்தவில்லை. அதற்கு வால் இல்லை. வால் உள்ளது வேறு, வால் இல்லாதது வேறு என்று கணிப்பொறி நேர்மையாகச் சொன்னது! வரி 6 என்று வந்ததும் இதனால்தான்: டபிள்யூ.சி. எண்ணுவது வரிமுடிவுக் குறிகளை, அவை ஆறுதான்.

வாலை நறுக்கிவிடுவோம். 'கேட்', கோப்பின் பெயர், நிமிர்ந்த கோடு, 'டி.ஆர்.', கழித்தல் குறியும் டி எழுத்தும், ஒற்றை மேற்கோள்களுக்குள் பின்சாய்கோடும் ஆர் எழுத்தும், நிமிர்ந்த கோடு, சார்ட், நிமிர்ந்த கோடு, யுனிக், கழித்தல் குறியும் சி எழுத்தும். நான்கு நிரல்கள், மூன்று குழாய்கள். விடை: 3 மழை, 1 மேகம், 3 வெயில்.

ஏழு வரிகளில் தவறு உடனே தெரிந்தது. ஏழாயிரம் வரிகள் உள்ள மழைப் பதிவேட்டில் இருந்தால்? எனவே கணிப்பொறி தந்த விடையை அப்படியே நம்பாமல், சிறிய மாதிரி ஒன்றைக் கையால் எண்ணிச் சரிபார்ப்பது அறிவியல் மாணவரின் கடமை.

எச்சரிக்கைகள்

கோப்பை அழிக்கும் கட்டளை ஆர்.எம். லினக்சின் இந்தக் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, அழித்தது அழிந்ததுதான். மேலும் எம்.என்.டி. என்னும் அடைவுக்குள் சி என்ற அடைவு இருக்கும். அது உங்கள் விண்டோசின் சி வட்டேதான், பிரதி அல்ல. அங்கே ஆர்.எம். கொடுத்தால் அப்பாவின் கணக்கும் போய்விடும். ஆகவே பயிற்சியை உங்கள் லினக்ஸ் இல்ல அடைவுக்குள்ளேயே செய்யுங்கள். வேகமும் அங்கேதான் அதிகம். சி வட்டுக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எல்லை தாண்டிப் போய்வர நேரமாகிறது.

டபிள்யூ.எஸ்.எல். கட்டளையோடு 'அன்ரெஜிஸ்டர்' என்று கொடுத்தால் உபுண்டுவும் அதிலுள்ள உங்கள் எல்லாக் கோப்புகளும் ஒரு நொடியில் நீங்கிவிடும். முன்னதாக 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் முழுவதையும் ஒரு கோப்பாகச் சேமித்து வைக்கலாம்.

கணிப்பொறி பழையதாக இருந்து மெய்நிகர் வசதி இல்லாவிட்டால் மனம் தளராதீர்கள். சிக்வின் அவ்வசதியைக் கேட்பதில்லை. மேலே சொன்ன சார்ட், யுனிக், டி.ஆர்., டபிள்யூ.சி. ஆகியவை அதிலும் உண்டு. மழைப் புதிரை அங்கேயும் விடுவிக்கலாம்.

செய்து பாருங்கள்

1. நோட்பேடில் கடைசி மழைக்குப் பின்னும் என்டர் அழுத்திச் சேமித்தால், டபிள்யூ.சி. என்ன மூன்று எண்களைத் தரும்? மழை இரண்டு வகையாகப் பிரியுமா?

2. 'தமிழ்' என்ற சொல்லை மட்டும், என்டர் இல்லாமல் ஒரு கோப்பில் சேமியுங்கள். எத்தனை பைட்? டபிள்யூ.சி.க்குக் கழித்தல் குறியும் எம் எழுத்தும் கொடுத்தால் என்ன வரும்? நம் கண்ணுக்கு எத்தனை எழுத்து?

3. வால் நறுக்கிய நாள் கோப்புக்கு டபிள்யூ.சி. என்ன சொல்லும்?

முதலில் தாளில் கணக்கிட்டு எழுதுங்கள். பிறகு கணிப்பொறியைக் கேளுங்கள். அதன் பிறகே விடையைப் பாருங்கள்.

விடைகள்: (1) 7, 7, 110. பிரியாது, எல்லாவற்றுக்கும் வால் இருப்பதால் குறை மறைந்துகொள்ளும். (2) 15 பைட், 5 குறியீடு, 3 எழுத்து. (3) 6, 7, 102.